ஆளுக்கொரு படிவம்

ஹட்டனில் எங்கள் சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்தவர் அவர். ஒல்லியான பெண், தடித்த கண்ணாடி. ஒருவருடைய படிவத்தைக் கையால் மூடிவிட்டுத்தான் அடுத்தவரிடம் கேள்வி கேட்பார்.

புல்லுக்கு மருந்து அடிக்க முதுகில் மாட்டும் டேங்க் ஒழுகி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பதினான்கு பேருக்கு முதுகு வெந்துபோனது. டேங்க் செய்த கம்பெனி மீது போட்ட வழக்குகளை நீதிமன்றம் ஒன்றாகச் சேர்த்தது. ஆனாலும் அவரவர் பாதிப்பைச் சொல்லி ஆளுக்கொரு படிவம் கேட்டது.

எனக்கு எரிச்சல். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் சங்கத் தலைவர் பேசினால் எல்லோரும் பேசியது போலத்தான். "தலைவர் சொன்னதையே எனக்கும் எழுதிக்கங்க மிஸ். வேல கெட்டுப்போகுது" என்று கத்தினேன்.

"வழக்கத்தான் சேர்த்திருக்காங்க அண்ணே, முதுகையுமா சேர்த்தாங்க? நீங்க எப்படித் தூங்குறீங்க?"

டாக்டர்கூட அதைக் கேட்டதில்லை. "குப்புறத்தான்" என்றேன். "புள்ளய நெஞ்சுல போட்டுக்க முடியல."

அப்படியே எழுதி, வாசித்துக் காட்டினார்.

இதே வழக்கில் இருந்த பக்கத்துத் தோட்டத்தார் எல்லோரும் ஒரே பதிலைப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனியின் சட்டத்தரணி அவற்றைத் தள்ளுபடி செய்யச் சொன்னார். நீதிபதியும் தள்ளினார். எங்களுடையதில் ஒன்றுகூடத் தள்ளுபடியாகவில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. நான் இன்னும் குப்புறத்தான் படுக்கிறேன். அந்தப் பெண் கேட்காமல் விட்டிருந்தால், என் பெண்டாட்டியைத் தவிர அது ஒருவருக்கும் தெரிந்திருக்காது.