ஊர்ப் பெயர் இல்லாத நோட்டு

"…அந்தத் தாய் சொன்னதை ஒரு எழுத்து விடாம எழுதியிருக்கிய அண்ணாச்சி. எந்த ஊருன்னு மட்டும் கேக்கவே இல்லையே?"

என் நீல அட்டை நோட்டைக் கையில் விரித்தபடி கேட்டாள், பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் பெண். திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியின் நஞ்சுத் தகவல் மையத்தில் தொலைபேசி எடுப்பது என் வேலை. பிள்ளை எதையோ குடித்துவிட்டது என்று பதறுகிறவர்களை டாக்டரிடம் பேசவைத்துவிட்டு, விவரத்தைப் பதிவேட்டில் எழுதுவேன். ஊர் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் 'திருநெல்வேலி'தான். பிள்ளை பிழைத்தால் சரி, ஊரைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைப்பு. ஆனால் ஜனங்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதை விட மனம் வராது. தனி நோட்டில் குறித்துவைத்து, டீ நேரத்தில் வாசித்துக் காட்டுவேன்.

"கலர் கேட்டு அழுத பிள்ளை, இப்பத் தண்ணிக்கும் வாய் தெறக்க மாட்டேங்கானே." இது ஒரு தாய் சொன்னது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டைப் பழைய கலர் சோடா பாட்டிலில் அடைத்து மொபெட்டில் விற்றிருக்கிறான் ஒருவன். மஞ்சளாக இருந்ததைக் கலர் என்றே நம்பிக் குடித்திருக்கிறான் பையன். என்ன அழகாகச் சொல்கிறாள் என்று அன்று வியந்தேன். அப்படி வியந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

சில வார இடைவெளியில் இன்னும் இரண்டு தாய்மார் அதே மொபெட்காரனைத் திட்டியதும் நோட்டில் இருந்தது. மூன்று திட்டையும் ரசித்து எழுதிய நான் மூன்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பதிவேட்டில் மூன்றும் 'ஆசிட், தவறுதலாகக் குடித்தது, திருநெல்வேலி'. அதைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்? நான்காவதாக ஒரு சிறுமி தொண்டை வெந்து வார்டில் சேர்ந்த காலையில்தான், இதுபோல முன்பு வந்ததா என்று கணினிப் பெண் விசாரிக்க, நோட்டை நீட்டினேன்.

நான்கும் தாமிரபரணிக் கரையில் அடுத்தடுத்த ஊர்கள், ஒரே மொபெட் போகிற வழி என்று பிறகு தெரிந்தது. இரண்டாவது அழைப்பிலேயே ஊரைக் கேட்டிருந்தால் சுகாதார ஆய்வாளர் போய் அவனை நிறுத்தியிருப்பார். அந்தச் சிறுமி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சோற்றைக் கரைத்துத்தான் குடிக்கிறாள். இப்போதெல்லாம் ஊரும் தெருவும் எழுதாமல் கணினி அடுத்த கட்டத்துக்கு நகராது. நோட்டில் நான் எழுதுவதை விட்டுவிட்டேன்.

அன்று ஊரைக் கேட்கவில்லையே என்ற அந்தக் கணினிப் பெண்ணிடம், பதற்றத்தில் கேட்க மறந்துபோச்சு என்று ஏதோ இழுத்தேன். பதற்றத்தில் பேச்சை மட்டும் எப்படி எழுதினீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. நோட்டை மூடி மேசையில் வைத்தாள். பதிவேட்டிலிருந்து அந்த மூன்று தாய்மாரின் தொலைபேசி எண்களையும் தேடி எடுத்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் எண்ணை அழுத்தினாள். "எக்கா, பிள்ளை இப்ப எப்படி இருக்கான்?" என்றாள். எதிர்முனை சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாள்: "ஒங்களுக்கு எந்த ஊரு?"