ரின்ஸ்கேயிடம் மூப்பர் கேட்ட கேள்வி

ஃப்ரீஸ்லாந்தில் போதகர் தெர் ஹால் வீட்டில் சமைத்துப் போட்ட ரின்ஸ்கே, யாரையும் லேசில் நம்பமாட்டாள். பால்காரன் அளந்த பாலை அவன் கண்ணெதிரே மறுபடி அளப்பாள். அப்பேர்ப்பட்டவள் போதகரை மட்டும் ஆறு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

போன மாதம்தான் சந்தேகம் தட்டியது. ஜெர்மனியிலிருந்து புத்தகக் கட்டு வந்தால் மனுஷன் கதவைச் சாத்திக்கொள்கிறார். காபியோடு உள்ளே போனால் எழுதும் தாளைக் கவிழ்க்கிறார். விடுவாளா? அவர் வெளியூர் போன அன்று, தூசி தட்டுகிற சாக்கில் புரட்டிப் பார்த்தாள்.

அந்தத் தாள்களில் இருந்தது ஒரு சண்டை: இயேசு என்றொருவர் இந்த மண்ணில் நடக்கவே இல்லை, எல்லாம் பின்னால் வந்தவர்கள் கோத்த கதை என்று ஒரு கட்சி. இல்லை, நடந்தார் என்று மறு கட்சி. படித்தவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். நம் போதகர் முதல் கட்சி. பெயர் போடாமல் பத்திரிகைக்கு எழுதுகிறார்.

அதைவிட அவளைச் சுட்டது முதல் தாளில் இருந்த தேதி: 1888, நவம்பர் மூன்று. அவள் மகள் டௌட்சென் தொண்டை அடைப்பானில் செத்தது அடுத்து வந்த ஜனவரியில். உறைந்த மண்ணைக் கடப்பாரையால் உடைத்துத் தோண்டிய குழியருகே, "இயேசு எழுந்தார், இவளும் எழுவாள்" என்று, இதை எழுதிய பிறகும் சொன்னது அவர் வாய்தான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ரின்ஸ்கே தினமும் எழுந்து அடுப்பு மூட்டினாள். அந்த முதல் தாளை உருவித் தன் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தேவாலயத்தில் திருவிருந்து நடப்பதற்கு முந்தின வாரம், சபையை நடத்தும் மூப்பர்கள் வீடு வீடாக வந்து, போதகரின் உபதேசத்திலோ நடத்தையிலோ குறை உண்டா என்று கேட்பது வழக்கம். ஒருவர் வாய் திறந்தால் விசாரணை, அப்புறம் போதகர் வேலை போய்விடும். மூப்பர் ஹாரிங்மாவுக்கு ஏற்கெனவே ஏதோ மோப்பம் பிடித்திருந்தது. நேராகச் சமையலறைக்கே வந்து உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரியாம இந்த வீட்டுல ஈ பறக்காது, ரின்ஸ்கே. அந்தாளு கதவச் சாத்திக்கிட்டு என்னதான் எழுதுறாரு?"

ரின்ஸ்கேயின் கை பாவாடைப் பைக்குள் போய்த் தாளைத் தொட்டது. இந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தாள். அப்போதுதான் உறைத்தது: இதைக் கொடுத்தால், போதகர் குழிகளின்மேல் சொன்னதெல்லாம் பொய் என்று நாளைக்கே ஊர் பேசும். டௌட்செனுக்குச் சொன்னதும் அதில் சேரும்.

"பிரசங்கம்தான் எழுதுறாரு. ஒரு குறையும் இல்ல, மூப்பரே."

ஹாரிங்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். தாளைக் காணாமல் தவித்துக்கொண்டிருந்த போதகர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நன்றி சொல்ல வாயெடுத்தார்.

ரின்ஸ்கே தாளை அவர் முன்னால் போட்டாள்.

"உங்களுக்காகச் சொல்லல, ஐயா. நீங்க நம்புங்க, நம்பாமப் போங்க. எம் புள்ள குழிமேல சொன்ன வார்த்த நிக்கணும். அதுக்காக, சாகுற வரைக்கும் நீங்க இங்கயே இருந்து பிரசங்கம் பண்ணுங்க."