ஓரமில்லாத கேரம் போர்டு

பவுடர் தூவினால்தான் உஸ்மாவுக்கு யோசனை ஓடும். கேரம் போர்டில் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று காய்களை ஒட்ட ஒட்ட வரிசையாக வைத்து, நடுவில் ஒரு வெள்ளையை எடுத்துவிடுவாள். காலியிடத்துக்குப் பக்கத்துக் காயை நகர்த்துவாள், அது விட்ட இடத்துக்கு அடுத்ததை. காலியிடம் எங்கோ போய்விடும். கிளம்பிய இடத்தில் இரண்டு கறுப்பு ஒட்டி நிற்கும். எடுத்தது ஒரு காய், ஆனது இரண்டு பிசகு.

"எலக்ட்ரானும் நெருக்கத்துல இப்டித்தான் அத்தா. கரண்ட் ஒரு பக்கம், காந்தம் ஒரு பக்கம், ரெண்டும் தனித்தனி துகள் மாதிரி சுத்திகினு கீது" என்பாள். தண்டையார்பேட்டையில் கேரம் கிளப் நடத்தும் அவள் அப்பா கமால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, காய குடு. பசங்க வந்துட்டானுங்க" என்பார்.

இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறாள். துப்பட்டா நுனி எப்போதும் வெள்ளை. பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீர்களா என்று விசாரித்தார்கள்.

ஒற்றை வரிசையில் எலக்ட்ரான் இப்படி இரண்டாகப் பிரிவது இயற்பியலில் ஊரறிந்த சங்கதி. சதுரமாய்ப் பரப்பினாலும் பிரியும் என்பது உஸ்மாவின் கட்சி. கணினியும் ஆமாம் என்றது. பேராசிரியர் தேவகிருபை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: ஓரத்தை என்ன செய்தாய்?

போர்டுக்கு இருப்பதுபோல அப்படியே விட்டிருந்தாள். கட்டையில் மோதித் திரும்பும் காய்களோடு வளர்ந்தவளுக்கு, எலக்ட்ரான் ஓடும் படிகத்தின் உள்ளே கட்டையே கிடையாது என்பது தோன்றவில்லை. வேறு தலைப்பு எடுத்துச் சீக்கிரம் முடி, காலம் குறைவு என்றார் பேராசிரியர். மாட்டேன் என்றுவிட்டாள். வலது ஓரத்தை இடதோடும் மேலதைக் கீழதோடும் சேர்த்துத் தைத்ததுபோலக் கணினிக் கணக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினாள்.

போன வெள்ளிக்கிழமை விடை வந்தது. பிரிந்தவை இரண்டும் மறுபடி ஒன்றாகிவிட்டன. கிளப்பில் வந்து உட்கார்ந்தவளின் எதிரே கமால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாலு வருசமா ஓரத்தத்தான் பாத்துகினு இருந்திருக்கேன் அத்தா."

"இன்னா பண்ணப் போற?"

"சதுரத்துல கறுப்பு வெள்ள ஒழுங்கா நிக்குது, அந்த ஒழுங்குதான் பிரிஞ்சத மறுபடி இழுத்துகினு வந்துடுது. முக்கோணமா வெச்சா மூணாவது காய் கறுப்பா வெள்ளையானே முடிவாகாது, ஒழுங்கே வராது. அதுல பாக்கணும்."

போர்டைத் துடைத்தாள், பவுடர் தூவினாள். இரண்டு காய்களின் இடுக்கில் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனாள். கடைசி மூலைக்கு ஒரு காய் போதவில்லை.

கமால் எழுந்து போய், பசங்கள் ஆடிக்கொண்டிருந்த பக்கத்துப் போர்டின் நடுவிலிருந்து ஒரு வெள்ளையை எடுத்துவந்து நீட்டினார்.