ஹீட்டர் வைத்த ஜீப்

எஞ்சின் சூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் நான் முழங்காலால் கற்றுக்கொண்டேன். புத்தகங்களால் வீட்டை நிரப்பி வைத்திருப்பவள் நான். ஆனால் இன்றும் என் காரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால், அணைந்துவிடும் என்ற நம்பிக்கையில் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். மாயாபந்தரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவரின் ஒரே மகள் இப்படி ஆனதற்கு அந்த ஜீப்தான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது என் வழக்கம்.

குளிர்ப் பிரதேசம் ஒன்றிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த ஜீப் அது. திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போனார், அப்பா வாங்கினார். அதில் ஹீட்டர் இருந்தது. வருஷம் முழுக்க வேர்வையில் ஊறும் அந்தமானில் ஹீட்டர் வைத்த வண்டி எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அதைப் பற்றி எனக்கு ரகசியமாக ஒரு பெருமை உண்டு.

சுனாமிக்குப் பிறகு வந்த ஏப்ரல் மாதம். அலை எங்கள் வீட்டை இடிக்கவில்லை. கொல்லை வரை வந்து, கிணற்றுக்குள் இறங்கி, திரும்பிப் போய்விட்டது. அன்று முதல் கிணறு உப்பு. டேங்கர் லாரியில் வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொடுத்தார்கள். தாய்மாமா போனில் தினமும் அம்மாவிடம், குழந்தையைக் கூட்டிக்கொண்டு மெயின்லேண்டுக்கு வந்துவிடு, சிவகங்கையில் பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். அப்பாவோ, ரெண்டு மழை பெய்தால் கிணறு தெளிந்துவிடும், இப்போதே பாதி இனித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஷெட்டையும் ஊரையும் விட்டு அவர் வரமாட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும். அவள் இரண்டு டிக்கெட் எடுத்தாள். போனால் திரும்புவதில்லை என்பதை இருவரும் என் முன்னால் சொல்லவில்லை. நான் ரயிலைப் பார்க்கப்போகும் குஷியில் இருந்தேன்.

நாங்கள் ஜீப்பில் கிளம்பிய நாளுக்கு மறுநாள் காலையில் போர்ட் பிளேரிலிருந்து கப்பல். வழியில் பழங்குடிகளின் காப்புக்காடு வரும். அதற்குள் தனி வண்டியாகப் போக முடியாது. குறிப்பிட்ட நேரத்துக்குக் கேட் திறக்கும், எல்லா வண்டியும் கான்வாயாக வரிசை கட்டிப் போக வேண்டும், நடுவில் நிற்கக்கூடாது. கேட்டைத் தவறவிட்டால் கப்பலும் போச்சு.

ரங்கத் என்ற ஊரைத் தாண்டியதும் சூடு காட்டும் முள் ஏறியது. அப்பா ஹீட்டரைத் திருகினார். எஞ்சினைச் சுற்றிவரும் கொதிநீர் ஹீட்டர் வழியாகவும் ஓடுமாம். அதைத் திறந்துவிட்டால் எஞ்சினின் சூட்டில் கொஞ்சம் வண்டிக்குள் வந்து இறங்கும். சுருக்கமாகச் சொன்னால், எஞ்சின் குளிர வேண்டுமென்றால் நாங்கள் வேக வேண்டும். முன் சீட்டில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த என் முழங்காலில் அந்தக் காற்று நேராக அடித்தது. அன்றோடு ஹீட்டர் பெருமை தீர்ந்தது.

அப்படியும் முள் இறங்கவில்லை. ஓரம்கட்டினார்.

அப்பா வைத்தியம் பார்க்கும் அழகே தனி. சூடு நோய் இல்லை, நோய் எங்கேயோ இருக்கிறது என்று ஷெட்டுப் பையன்களுக்குப் பாடம் எடுப்பவர். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார், தொய்வில்லை. ரப்பர் குழாய்களைப் பிசைந்தார், உப்பலில்லை. ரேடியேட்டர் முன்னால் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டினார். அதற்குள் டிராக்டரில் வந்த வங்காளிக்காரர் ஒருவர் இறங்கி, கேட்காமலேயே, தண்ணீர் பம்ப் போய்விட்டது என்று இந்தியில் ஆலோசனை சொல்லத் தொடங்கினார்.

"தாதா, பம்ப் கயா. பக்கா பம்ப் கயா."

"பம்ப் டீக் ஹை பாய்," பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் அப்பா.

நனைந்த சாக்கைப் போட்டு, ஆற விட்டு, மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் பாதிக்கும் கீழே, செங்கல் நிறத்தில். குனிந்து கீழ் மூலையைப் பார்த்தவர் சட்டென்று அங்கே கந்தைத் துணியை வைத்து மறைத்தார். எனக்கு அது வினோதமாக இருந்தது. கோளாறைக் கண்டுபிடித்தால் ஊரையே கூப்பிட்டுக் காட்டுபவர் அவர்.

அம்மா இறங்கி வந்தாள். துணியை எடுத்தாள். பித்தளை மடிப்பில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, அதன் நடுவில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். எஞ்சினைச் சோதிக்க அப்படியும் ஒரு முறை இருக்கிறது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"உப்பு," என்றாள்.

"கடல் காத்து. இங்க எல்லாத்துலயும் உப்புதான் படியும்."

"காத்து ரேடியேட்டருக்குள்ள பூந்துச்சாக்கும்?"

"க்யா போல்தீ ஹை பாபி?" என்று, அண்ணி என்ன சொல்கிறார் என அறியும் ஆர்வத்தில் கேட்டார் டிராக்டர்காரர். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அப்பா ஸ்பேனரைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "கிணத்துத் தண்ணியத்தான் ஊத்துனேன். நாலு மாசமா. ரெண்டு குடத்துல வண்டிக்கு எங்க பங்கு வைக்கிறது?"

உப்புத் தண்ணீர் எஞ்சினைத் தின்றுவிடும் என்று அந்தத் தீவில் எல்லோரையும் திட்டுபவர் சொன்ன வார்த்தை இது.

"கிணறு இனிக்குது, குடிச்சுப் பார்த்தேன்னு சொன்னீங்களே?"

"குடிச்சேன்ல."

"ஒரு வாயா?"

அவர் மறுபடி ஸ்பேனரைத் துடைத்தார்.

"ஏங்க, கேக்குறேன்ல. எத்தன நாளா அதக் குடிக்கிறீங்க?"

"ஜனவரிலேர்ந்து," என்றார் அப்பா, ரேடியேட்டரைப் பார்த்தபடி. "அந்த ரெண்டு குடம் உங்க ரெண்டு பேருக்கே காணல. பழகிட்டா ஒண்ணும் தெரியல. ஷெட்டுல இருக்கிறவனுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன?"

அம்மா வண்டியின் பின்பக்கம் போய், கட்டி வைத்த மூட்டையைப் பிரித்து, மஞ்சள் தூள் பொட்டலத்தையும் கப்பலுக்கென்று பிடித்து வைத்திருந்த குடிதண்ணீர்க் கேனையும் கொண்டுவந்தாள். சின்ன ஓட்டையை மஞ்சள் தூள் போய் அடைக்கும் என்பது டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்.

"அது குடிக்கிற தண்ணி," என்றார் அப்பா.

"ஊத்துங்க."

ஊற்றினார். சோப்பைப் பிசைந்து வெளிப்பக்கம் அப்பினார். அழுத்தம் ஏறாமலிருக்க மூடியை ஒரு சுற்று தளர்த்தி வைத்தார். கால்மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்ததில் சொட்டு நின்றுவிட்டது. டிராக்டர்காரர், பம்ப் இல்லை என்று முதலிலேயே தனக்குத் தெரியும் என்பது போல் தலையாட்டிவிட்டுப் போனார்.

"ஏறுங்க. கேட்டுக்கு இன்னும் நேரமிருக்கு, புடிச்சிரலாம்," என்றார் அப்பா. யோக்கியமான மெக்கானிக். தனக்கு நஷ்டமானாலும் வண்டி ஓடும் என்றால் ஓடும் என்றுதான் சொல்வார்.

"திருப்புங்க," என்றாள் அம்மா.

"கப்பலு?"

"காட்டுக்குள்ள நின்னு போச்சுன்னா? திருப்புங்க வீட்டுக்கு."

"நிக்காது. முள்ளு கீழதான் இருக்கு, பாரு."

"இருக்கட்டும்."

நான் அழுதேன். அப்பாதான் சரி பண்ணிவிட்டாரே, அம்மாவுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கத்தினேன். ரயில், சிவகங்கை, மாமா வீட்டு மாடி எல்லாம் முதுகுப்பக்கம் தேய்ந்துகொண்டே போயின. அப்புறம் பல வருஷம் இந்தக் கதையை, விஷயம் தெரியாதவர்கள் தொழில் தெரிந்தவர் பேச்சைக் கேட்காததற்கு உதாரணமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களும் சிரித்தார்கள்.

வீடு வரும்வரை முள் பாதிக்குக் கீழேயே நின்றது, ஆனாலும் ஹீட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது. அம்மாவின் முகம் தெப்பமாக நனைந்திருந்ததால், வேர்வையைத் துடைத்துக்கொள் என்று என் துண்டைக் கொடுத்தேன். துடைத்தாள், கண்ணோரம் திரும்ப நனைந்தது, திரும்பத் துடைத்தாள். இப்படி வேர்க்கிறவள் கையை நீட்டினால் எட்டுகிற அந்த ஹீட்டரை ஏன் அணைக்கவில்லை என்று, வெந்துபோன முழங்காலைத் தடவிக்கொண்டே, எனக்கு எரிச்சலாக வந்தது.