சந்தனம் பூசிய மூக்கு

ஊரார் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற இடத்துக்கு மூக்கை நீட்டிக்கொண்டு போவதுதான் என் தொழில். ஆலை நாற்றத்தை அளக்கும் எலக்ட்ரானிக் மூக்குக் கருவிகளை மாட்டிக் கொடுப்பேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆலையை வைத்துக்கொண்டு சோறு தின்னும் அன்பர்களுக்கு என் பாடு புரியும்.

மாட்டிய அன்று

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனி. எலும்பை வேகவைத்து, தீப்பெட்டி ஆலைகளுக்கு வஜ்ரப் பசை எடுப்பார்கள். ஊரே மறியல் செய்த பிறகு ஒரு பேச்சு முடிந்தது: தீபாவளி வரை கருவி சொல்வதைப் பார்ப்பது, எண் அளவை மீறினால் எலும்பு வேகும் கொப்பரைகளுக்கு மூடி போடுவது.

முத்துலட்சுமிக்கு வேலை அந்தக் கம்பெனியில். வீடு அதன் மதிலை ஒட்டி. அவருடைய சின்ன மகள் தட்டில் சோற்றைக் கண்டாலே குமட்டி எழுந்துவிடுவாளாம். நான் மாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "எங்க மூக்கு சொன்னத நம்பல. இந்த மிசினு சொன்னா நம்புவாகளாண்ணே?"

சாம்பிராணி உபயம்

எண் ஏறிக்கொண்டே போனது. நான் பார்க்கப் போன அன்று மேனேஜர் ஒரு யோசனை பண்ணி, கருவிக்கு அடியில் சாம்பிராணி போட்டார். எண் இன்னும் எகிறியது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் எரிச்சலோடு சொன்னார்: "நாத்தத்துக்கும் ஏறுது, நல்ல வாசத்துக்கும் ஏறுது. கிறுக்குப் புடிச்ச மிசினால்ல இருக்கு!"

ஆயுத பூஜைக்குப் பிறகு

எண் விழுந்துவிட்டது, இனி மூடி தேவையில்லை என்று முதலாளியே போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். போய் இறங்கினால் நாற்றம் பஸ் வாசலிலேயே வந்து வரவேற்றது. கருவி மட்டும் ஒன்றுமறியாத பிள்ளையாக இருந்தது. காற்று நுழையும் துளைகளை அடைத்துச் சந்தனம் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம்.

மேனேஜரைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் முத்துலட்சுமி கண் கலங்கி முன்னால் வந்தார். "நாந்தாண்ணே வச்சேன். எங்களுக்காகப் பேசுற மிசினாச்சேன்னு வாயப் பாத்து நெறைய வச்சேன்."

சுரண்டிய பிறகு

துடைத்ததும் எண் பழையபடி ஏறியது. முதலாளியிடம் காட்டினேன். "இதுக்குக் கம்பெனியையே மூடிறலாம்" என்று முணுமுணுத்தார். அது காதில் விழுந்து முத்துலட்சுமியின் முகம் வெளுத்துப்போனது. மனசு கனத்துத்தான் பஸ் ஏறினேன்.

நல்லவேளை, தீப்பெட்டிக்காரர்களின் ஆர்டர் குவிந்து கிடந்ததால் கம்பெனி மூடவில்லை; கொப்பரைகளுக்குத்தான் மூடி விழுந்தது. பொங்கல் கழித்துப் போனபோது நாற்றம் ஒரேயடியாகப் போயிருக்கவில்லை, ஆனால் மூச்சு விட முடிந்தது. கொப்பரைப் பக்கமிருந்து முத்துலட்சுமி குரல் கொடுத்தார்: "புள்ள நேத்து ரெண்டாந்தரம் சோறு கேட்டுச்சுண்ணே!"

இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒவ்வொரு கம்பெனிக்கும் போன் போட்டு, சந்தனத்தைக் கருவியின் பக்கவாட்டில் வையுங்கள் என்று கெஞ்சுகிறேனே தவிர, வைக்கவே வேண்டாம் என்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.