ஹாலுக்கு வந்த கம்ப்யூட்டர்

டிவியில் விளையாட கன்சோல் வாங்கலாமா, கம்ப்யூட்டரையே ஹாலுக்குக் கொண்டுவந்து இணைக்கலாமா என்று நேற்று என் மகன் கேட்டான். கன்சோல்தான் சுலபம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் அறையில் சிபியுவின் விசிறி உறுமத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் எங்கள் செவிலிமேட்டு வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. டவுன் பஸ் ஓட்டுநரான அப்பா, கால் முறிந்து மூன்று மாதமாக ஹாலில் கட்டிலோடு கிடந்தார். யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. எதிர்வீட்டில் கன்சோல் இருந்தது. கேசட்டைச் செருகினால் உடனே ஆட்டம் வந்துவிடும். எங்களிடம் இருந்தது அக்கா படிப்பதற்காக வாங்கிய கம்ப்யூட்டர்தான். ஆனால் அதிலிருந்த கார் விளையாட்டில், ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்ப்பதுபோலவே சாலை தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அதை ஹாலுக்குத் தூக்கி வந்து, காலை முழுக்க ஒயர்களோடு போராடி டிவியில் இணைத்தாள். திரை நிறையச் சாலை விரிந்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்தார். அக்கா கீபோர்டை அவர் மடியில் வைத்தாள்.

மற்ற கார்கள் சீறிப் பாய்ந்தன. அப்பா ஓரமாகவே போனார். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தார்.

"இது ரேஸுப்பா. வேகமா போப்பா," என்றேன்.

"பின்னாடி ஜனம் உக்காந்துக்கினு இருக்குதுடா," என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவர் பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஓட்டும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

கடைசி வண்டியாகப் போய்ச் சேர்ந்தோம். அப்பா மெல்ல நிறுத்திவிட்டு, "எல்லாரும் எறங்கியாச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சுப்பா," என்றாள் அக்கா.