பெயரை விட்டேன், வல்லத்தை எழுதினேன்

எங்கள் செய்தி மடலுக்கு நான்கே பக்கம். தாள் மஞ்சள். ராமநாதபுரத்தில் எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்த அச்சகத்தில், கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கி மிஞ்சிய தாள் மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான் காரணம். மனநோய் கண்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் எங்கள் தொண்டு நிறுவனப் பணியாளர்களுக்காக மாதம் ஒருமுறை அதைக் கொண்டுவந்தோம். அதிகாரிகளுக்கும், ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகம், டீக்கடைகளுக்கும்கூடச் சில பிரதிகள் போகும். அடுத்த முகாம் என்றைக்கு, எந்த ஆஸ்பத்திரியில் மாத்திரை தீர்ந்துபோயிருக்கிறது, தீர்ந்தால் யாரிடம் மனு கொடுப்பது, பஸ் பாஸுக்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுதுவது, பிழை திருத்துவது, தபால்தலை ஒட்டுவது எல்லாம் நான்தான். கடைசிப் பக்கத்தின் அடியில் 'பொறுப்பு' என்று பொடி எழுத்தில் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊருக்கு ஒன்றிரண்டு செல்போன் வந்திருந்த காலம் அது. நான் சாயல்குடிப் பக்கத்துக் காட்டு விவசாயி வீட்டுப் பிள்ளை. பனையும் உப்பளமும் தெரியும். கடலைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. சித்தப்பாவை மாட்டுக் கொட்டத்தில் கட்டிப்போட்டிருந்த வீட்டில் வளர்ந்தவன். அதனால்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

கரையோர ஊர்களைக் கவனித்துக்கொண்டவர் ஒரு மீனவ வீட்டு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். முன்பு கூலிக்கு வலை பழுதுபார்த்தவர். எங்கள் பயிற்சி வகுப்புகளுக்கு வரும் பெரிய படிப்புக்காரர்கள் கரும்பலகை நிறைய எழுதுவார்கள். அக்கா எதையும் குறித்துக்கொள்ளாமல் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் ஒரு வீட்டு வாசலில் அவர் போய் நிற்கும் அழகைப் பார்க்க வேண்டும். நோய் என்ற சொல்லே அவர் வாயில் வராது. "நல்லாத் தூக்கம் வருதாப்பா?" இதுதான் முதல் கேள்வி. இந்தக் கேள்விக்கு வெட்கப்பட யாருக்கும் ஒன்றுமில்லை. தூக்கத்தில் தொடங்கி, சாப்பாட்டுக்கு வந்து, கடைசியில் காதுக்குள் கேட்கும் குரல்வரை போய்விடுவார். கரையில் அவருக்குப் பெயரே தூக்கத்தக்கா. "தூக்கத்தக்கா வந்திருக்காக, பாயை எடுத்துப் போடு" என்று அவரை உள்ளே அழைத்த வீடுகளில், பிள்ளையைப் பல வருஷமாக வெளியே காட்டாத வீடும் உண்டு. எனக்கு அவர்மேல் மரியாதை இருந்தது. கூடவே கொஞ்சம் பொறாமையும் இருந்தது. நான் நான்கு பக்கம் எழுதிச் சாதிக்காததை அவர் ஒரு கேள்வியில் சாதித்துவிட்டுப் போனார்.

மடலுக்கு அக்கா வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. யாரைப் பற்றி எழுதினாலும், அச்சுக்குப் போகுமுன் அவர் எதிரே உட்கார்ந்து முழுசாகப் படித்துக் காட்ட வேண்டும். பெயர் போடாவிட்டாலும் படிக்க வேண்டும்.

"அவுக கதைய மொதல்ல அவுக காதால கேக்கட்டும் தம்பி. அப்புறம் ஊரு கேக்கட்டும்" என்பார்.

எனக்கு இது பெரிய தொல்லை. ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அதோடு, நான் ரசித்து ரசித்து எழுதிய வரியைத்தான் குறி பார்த்து எடுக்கச் சொல்வார்கள். ஒரு பையனை உதிர்ந்த சருகு என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் அவன் அம்மா, "எம்புள்ள என்ன குப்பையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அக்கா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

ஒரு மாதம், கரையோர ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்துவந்த முகாமை நிறுத்தப் போவதாகத் தெரிந்தது. மாதத்தில் ஒருநாள் டாக்டர் வந்து பார்த்து மாத்திரை கொடுக்கும் முகாம் அது. கூட்டம் குறைவு, தேவையானவர்கள் ராமநாதபுரத்துக்கே வரட்டும் என்று மேலே யாரோ முடிவு செய்திருந்தார்கள். மாத்திரைக்காக ஒருநாள் கடலை விட வேண்டும் என்றால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மாத்திரையைத்தான் விடுவார்கள். இது எங்களுக்குத் தெரியும், மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு உறைக்கிற மாதிரி ஒரு மனிதரின் கதையை எழுதிவிடுவது என்று கிளம்பினேன்.

கதை கையில் இருந்தது. ஒரு மீனவர், நாற்பது வயதுக்காரர். ஒரு காலத்தில் காதில் விழும் குரல்களுக்குப் பயந்து கடலுக்குள் இறங்கி நடந்தவர். ராமேஸ்வரத்துக் கடைத்தெருவில் மாதக்கணக்கில் அலைந்தவர். அக்கா தேடிப் பிடித்துக் கூட்டிவந்து முகாமில் காட்டினார். நான்கு வருஷமாக மாத்திரை விடாமல் சாப்பிட்டு, ஒரு நாட்டு வல்லத்தில், அதாவது மரப் படகில், பிடிக்கும் மீனில் பங்கு வாங்கும் ஆளாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். "மாத்திரையும் வேணும், கடலும் வேணும், ரெண்டுல ஒண்ணு போனாலும் இவரு திரும்ப விழுந்துருவாரு" என்று டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார்.

எழுதி முடித்த அன்று மனிதர் கடலில் இருந்தார். அச்சகத்தில் எந்திரம் எனக்காகக் காத்திருந்தது. அக்காவும் வேறு ஊரில். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை, வயதைக்கூடப் போடவில்லை, இனி யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பெயரையும் அப்பா பெயரையும் விட்டுவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. கதைக்கு ஒரு கண்ணுக்கு இனிய காட்சி வேண்டுமே என்று அவர் போகும் வல்லத்தை வர்ணித்தேன். என்ன வர்ணம், அணியத்தில், அதன் முன்முனையில், என்ன வரைந்திருந்தது, எந்தப் பக்கத்துப் பலகையில் ஒட்டுப் போட்டிருந்தது என்று முழு ஒரு பத்தி. எனக்கு வல்லம் என்பது மாட்டுவண்டி மாதிரி, எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும் என்ற நினைப்பு. கரையில் நிற்கிறவர்கள், ஒரு வல்லம் தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போதே இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவார்கள் என்பது இந்தக் காட்டானுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பத்தியை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பக்கமும் கடல் உண்டு, அது வடகடலா தென்கடலா என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

மடல் போய்ச் சேர்ந்தது. யாரோ ஓர் அதிகாரி படித்துவிட்டுக் கண் கலங்கினாராம். முகாம் நிற்காது என்று கடிதம் வந்தது. நான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன். மூன்றாம் நாள் காலை அக்கா அலுவலகத்துக்குள் வந்தார். கையில் மஞ்சள் தாள். நான் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"படிச்சுக் காமிச்சியா?"

"அவரு கடலுக்குப் போயிருந்தாரு அக்கா. பேரு போடலையே..."

"வல்லத்தப் போட்டிருக்கியே. டீக்கடையில சத்தமாப் படிச்சிருக்கானுக. இப்ப அது பைத்தியக்கார வல்லமாம். அவர எறக்கி விட்டுட்டாக. ஒரு வாரமா வீட்டுல கெடக்காரு. கடலுக்கே போகல, எதுக்கு மாத்திரைன்னு தூக்கி எறிஞ்சிருக்காரு."

அடுத்த இதழில் மன்னிப்புக் கேட்டு எழுதிவிடுகிறேன் என்றேன். அக்காவுக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. "எழுதிக் கெடுத்தது பத்தாதா? பேனாவ உள்ள வச்சிட்டுக் கெளம்பு" என்றார்.

அன்று முழுக்க இருவரும் ஊர் ஊராகப் போய் எங்கள் மடலை நாங்களே திரும்ப வாங்கினோம். பஞ்சாயத்து அலுவலகம், சத்துணவுக் கூடம், டீக்கடை என்று ஒன்று விடவில்லை. பாதித் தாளில் வடை மடித்திருந்தார்கள். என் எழுத்து நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அங்கேதான். வாங்கியதை எல்லாம் அக்கா தன் பைக்குள் திணித்துக்கொண்டு, மறுநாள் காலை வல்லங்கள் கரை சேரும் நேரத்துக்கு என்னை வரச் சொன்னார்.

வல்லத்துக்குச் சொந்தக்காரர், கரை வழக்கில் சம்மாட்டி, வலையை உதறிக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த நோயைப் பற்றிப் பயப்பட வேண்டாம், மாத்திரை சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று பயிற்சி வகுப்பில் சொல்வதை நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாருக்குச் சொல்லுறீக? நாலு வருசமா கடலுக்குப் போறப்ப அவன் மாத்திரை எங்கன இருக்குன்னு நெனச்சீக? வல்லத்துல தீப்பெட்டி வச்சிருக்க தகர டப்பாவுலதான் இருக்கு. நேரமாச்சுன்னா நாந்தேன் எடுத்துக் குடுப்பேன். வல்லத்துல இருக்க அம்புட்டுப் பேருக்கும் தெரியும். கரைக்குத் தெரியாம நாங்க வச்சிருந்தோம். நீங்க தெரிய வச்சிட்டீக."

அக்காவுக்கே இது புதுச் செய்தி. அவர் மெதுவாக, "அப்புறம் ஏண்ணே எறக்கி விட்டீக?" என்று கேட்டார்.

"மத்த வல்லத்துக்காரனுக கேலி பேசுறானுக, எம்பயலுக அடிக்கப் பாயுறானுக. அதக்கூடச் சமாளிச்சிருவேன். வீட்டுப் பொம்பளைக அழுவுறாகம்மா. கடல்ல அவனுக்கு ஏதும் ஆச்சுன்னா நம்ம ஆளும் சேந்து போயிருவாருன்னு பயப்படுறாக. நான் என்ன செய்ய?"

மாவட்டம் முழுக்கச் சமூக ஆதரவு வேண்டும் என்று மாதாமாதம் நான் எழுதிக்கொண்டிருந்தேன். அது ஒரு தகர டப்பாவுக்குள் நான்கு வருஷமாகச் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. எந்தப் பயிற்சியும் இல்லாத ஆட்கள் அதை நடத்தியிருக்கிறார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அந்த ஆட்களை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

அக்கா அன்றிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனார். முதலில் அந்த மனிதர் வீடு. மாத்திரையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு கிழிந்த வலையைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டுப் பொத்த ஆரம்பித்தார். வேண்டுமென்றே முடிச்சைத் தப்பாகப் போட்டார் என்று பிறகு என்னிடம் சொன்னார். இரண்டாம் நாள் மனிதருக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா முடிச்சு இது?" என்று வலையைப் பிடுங்கிக்கொண்டாராம். அந்த வாரக் கடைசியில் மாத்திரையும் உள்ளே போனது.

பிறகு வல்லத்தில் போகிறவர்களின் வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் பெண்களோடு உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுத்தார். முதல் கேள்வி அங்கேயும் அதேதான், நல்லாத் தூக்கம் வருதா. கணவன் கடலுக்குப் போனால் எந்தப் பெண்ணுக்குத்தான் வரும்? அந்தப் பயத்தைப் பேசிப் பேசி ஆற்றிய பிறகுதான், ஒரு வீட்டில் கேட்டார்: "போன வருசம் கயித்துல உங்க வீட்டுக்காரரு கை மாட்டுனப்ப, கத்திய எடுத்து அறுத்துவிட்டது யாருத்தா?" அந்தப் பெண் மீனைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார். சாயங்காலம் அவரே சம்மாட்டி வீட்டுக்குப் போய், "அந்த அண்ணே ஏறட்டும். ஏறலைன்னா எங்க வீட்டு ஆளும் ஏறமாட்டாக" என்று சொல்லியிருக்கிறார். மற்ற வீடுகள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. மூன்று வாரம் ஆனது.

அந்த மனிதர் திரும்ப வல்லம் ஏறிய மதியம் நானும் கரையில் நின்றேன். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார், சம்மாட்டி தகர டப்பாவைத் திறந்து பார்த்து மூடினார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா பார்க்காதமாதிரி இருந்தார்.

மறுநாள் கரை சேர்ந்ததும் அந்த மனிதர் என்னைக் கூப்பிட்டார். "எழுதுனத இப்பப் படிச்சுக் காமிங்க சார்" என்றார். அக்காவின் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அந்த மணலில் உட்கார்ந்து, வடை எண்ணெய் ஊறிய எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்தேன். ஒரு இடத்திலும் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் சொன்னார்:

"எம்பேரப் போட்டிருக்கலாமே சார். பேரப் போட்டிருந்தா நான் ஒருத்தன் தலகுனிஞ்சிருப்பேன். வல்லத்தப் போட்டதுல மத்தவுக எல்லாரும்ல குனிஞ்சாக."

தாளை மடித்து அக்காவின் பைக்குள்ளேயே வைத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ மடல் எழுதிவிட்டேன். படித்துக் காட்டாமல் ஒன்றுகூட அச்சுக்குப் போகவில்லை. இதையும் எழுதி முடித்துவிட்டு அந்தக் கரைக்குத்தான் முதலில் எடுத்துப் போனேன். அந்த மனிதருக்குத் தலை நரைத்திருக்கிறது, இன்னும் கடலுக்குப் போகிறார், அதே வல்லம். அக்காவும் வந்து உட்கார்ந்துகொண்டார். மனிதர் முழுசாகக் கேட்டுவிட்டு, தன்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளச் சொன்னார். கயிற்றில் கை மாட்டியவரிடமும் அவர் வீட்டிலும் போய்ப் படித்துக் காட்டச் சொன்னார். படித்துக் காட்டிவிட்டு வந்தேன். ஒரே ஒரு வரியை மட்டும் அந்த மனிதர் எடுத்துவிடச் சொன்னார். அது அவரைப் பற்றிய வரி இல்லை. அவரோடு வல்லத்தில் போகும் வேறொருவரைப் பற்றியது. நான் ரசித்து எழுதிய வரிதான். எடுத்துவிட்டேன்.